சார்பியலும் சார்புவாதமும்

அன்புள்ள ஐயா,

நம்மைச் சாராத உண்மை என்று ஒன்று உண்டு என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எல்லாமே சார்பானவை என்று ஐன்ஸ்டைன் நிறுவிவிட்டார். சமணர்களும் அனேகாந்தவாதத்தில் அதைத்தானே சொன்னார்கள்? என் உண்மை எனக்கு, உங்கள் உண்மை உங்களுக்கு. நீங்கள் பிடிவாதம் பிடிப்பது தவறு.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் காட்டிய இரண்டு சான்றுகளும் என் மனதுக்கு நெருக்கமானவை. ஆனால் இரண்டுமே உங்களுக்கு எதிராகத்தான் பேசுகின்றன.

உண்மை அவரவரைப் பொறுத்தது என்பது சார்புவாதம். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்கும் தமிழில் அதே சாயலில் சார்பியல் என்று பெயர் வைத்துவிட்டோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நீளமும் காலமும் அளப்பவரின் வேகத்தைப் பொறுத்து மாறும் என்று அவர் 1905-ல் சொன்னார், சரி. ஆனால் வெற்றிடத்தில் ஒளியின் வேகம் மாறாது என்பதுதான் அந்தக் கோட்பாட்டின் அடித்தளமே. ஒருவர் அளந்ததும் இருவரின் வேக வித்தியாசமும் தெரிந்தால், மற்றவர் என்ன அளப்பார் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். மனிதரே இல்லாமல் ஒரு கடிகாரம் பறந்தாலும் அதே விடைதான் வரும். இதில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் வேலை இல்லை.

அனேகாந்தவாதமும் அப்படித்தான். பொருளுக்குப் பல முகங்கள் உண்டு என்றால் முதலில் பொருள் இருந்தாக வேண்டும். சமணர்கள் கூற்றுகளோடு சேர்த்துச் சொல்லும் 'ஸ்யாத்' என்ற சொல்லைப் பலர் 'இருக்கலாம்' என்று புரிந்துகொள்கிறார்கள். சமணத் தர்க்கத்தில் அதற்கு 'ஒரு வகையில்' என்று பொருள். மண் என்ற வகையில் குடம் நிலைக்கிறது, குடம் என்ற வகையில் அழிகிறது. எந்த வகையில் என்று சொல்லிவிட்டால் அப்புறம் சந்தேகமே இல்லை.

உங்கள் தரப்பில் வலுவான வாதம் வேறொன்று இருக்கிறது. அறிவியல் தத்துவ அறிஞர் லாரி லாடன் 1981-ல் எழுதியது. வெப்பத்தைக் 'கலோரிக்' என்ற பாய்பொருளாகவும், ஒளியை வெளியெங்கும் நிறைந்ததாகக் கருதப்பட்ட ஈதரில் எழும் அலையாகவும் விளக்கிய கோட்பாடுகள் நன்றாகவே வேலை செய்தன. கடைசியில் அப்படி எந்தப் பொருளும் இல்லை என்றானது. இன்றைய கோட்பாடுகளுக்கும் அதே கதி வராது என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

என்னை மெய்ம்மைவாதத்தின் பக்கம், அதாவது அறிவியல் சொல்லும் பொருட்கள் நம்மைச் சாராமல் உண்மையிலேயே இருக்கின்றன என்ற பக்கம், நிறுத்தியது அணுவின் கதை. அணு கணக்குக்கு உதவும் கற்பனை மட்டுமே என்று இயற்பியலாளர் மாஹ் போன்ற பெரிய அறிஞர்களே கருதினார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரின் நீரில் மிதக்கும் நுண்துகள்களின் அசைவை ஆராய்ந்து, குறிப்பிட்ட அளவு பொருளில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணைக் கணக்கிட்டார். வானத்தின் நீலம், கதிரியக்கம் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துக்கும் மேற்பட்ட வழிகளில் கிடைத்த விடைகளை 1913-ல் ஒன்றாக அடுக்கிக் காட்டினார். எல்லாம் ஏறக்குறைய ஒரே எண். அணுவை நீண்டகாலம் மறுத்துவந்த வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட், பெரினின் முதல் சோதனைகள் வந்த உடனேயே, 1909 வாக்கில், அணுவை ஏற்றுக்கொண்டிருந்தார். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறோம் என்றால், அங்கே ஏதோ இருக்கிறது.

'என் உண்மை எனக்கு' என்ற வரிக்கு அடுத்ததாகவே நான் செய்வது தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். எங்கே தவறு என்று எழுதுங்கள். நீங்கள் சொல்வது சரியென்றால் திருத்திக்கொள்கிறேன்.