பின்னோன் வேண்டும் விகற்பம்

கேள்வி: எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடவில்லை. நல்ல எழுத்தாளர்களைப் படித்தால் உந்துதல் வரும் என்றார்கள். ஆறு மாதமாக லா.ச.ரா.வை (லா.ச. ராமாமிர்தம்) மட்டும் படிக்கிறேன். இப்போது எதை எழுதினாலும் அவர் நடையாகவே வருகிறது. படிப்பதையே விட்டுவிடட்டுமா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: படியுங்கள். ஆனால் ஆறு மாதம் ஒருவரையேவா? அதுவும் லா.ச.ரா.வை! அந்த ஓசை காய்ச்சல் மாதிரி தொற்றும். பத்து நாள் அவரை மூடி வையுங்கள். அதுவரை ஓசைநயமே இல்லாத எதையாவது படியுங்கள்: கோர்ட் தீர்ப்பு, சமையல் குறிப்பு, பத்திரப்பதிவு வாசகம். காது காலியாகிவிடும்.

உந்துதலுக்கு வருவோம். ஒரு கதையை ரசித்து முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவினால் வாசகருக்கு லாபம், எழுதுகிறவருக்கு ஒன்றும் தேறாது. நன்னூலில் பவணந்தியார் வழிநூலுக்கு இலக்கணம் சொல்கிறார்: முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’, அதாவது பின்னால் எழுதுகிறவர் விரும்பும் வேறுபாடு, கூற வேண்டும். அந்த விகற்பத்துக்கு எங்கே இடம் விட்டிருக்கிறது என்று தேடிக்கொண்டே படிக்க வேண்டும்.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையைப் பாருங்கள். ராமன் கால்தூசி பட்டுக் கல் பெண்ணாவதோடு அகலிகை கதை நமக்கு முடிந்துவிடும். அவர் அதைத் தொடக்கத்திலேயே முடித்துவிட்டு, பிறகு அந்த வீட்டில் நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று பார்க்கிறார். கணவன் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைக்குக்கூட உள்ளர்த்தம் இருக்குமோ என்று அகலிகை மருளுகிறாள். கடைசியில் சீதை வந்து அக்கினிப் பிரவேசத்தைச் சொல்கிறாள். தனக்கு விமோசனம் தந்த அதே ராமனா கேட்டான்? அகலிகை மறுபடி கல்லாகிறாள். பாலகாண்டத்தில் ஒன்றும் யுத்தகாண்டத்தில் ஒன்றுமாகக் கிடந்த இரண்டு சம்பவங்களை அவர் எதிரெதிரே உட்காரவைத்தார். பொருள் இரண்டும் பழசு, உட்காரவைத்த இடம்தான் அவருடையது.

உங்களுக்கு ஐந்தாறு பக்கக் கதை ஒன்று போதும். முதல் தடவை சும்மா படியுங்கள். இரண்டாம் தடவை பென்சிலோடு. காலம் தாவும் இடம், பதில் சொல்லாமல் விட்ட பேச்சு, வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போன ஆள், இந்த மூன்றையும் குறியுங்கள். பெரும்பாலும் கைகொடுப்பது அந்த மூன்றாவது ஆள்தான். பேர்கூட இல்லாமல் ஒரே வரியில் காப்பி வைத்துவிட்டுப் போகும் சமையல்காரம்மா, அன்று ராத்திரி வீட்டில் என்ன சொல்லியிருப்பார்? கேள்வி கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஊர், தொழில், வயது மூன்றையும் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் கேள்வி உறுத்தினால் கதை உங்களுடையது. உறுத்தல் போய்விட்டால், நீங்கள் மயங்கியது அந்த எழுத்தாளரின் வாக்கியங்களில் என்று அர்த்தம். வேறு கதை பாருங்கள்.

நடைக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. பெஞ்சமின் ஃபிராங்ளின் இளவயதில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ்க் கட்டுரைகளை வைத்துப் பழகியது. வாக்கியத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு எடுப்பார். சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, குறிப்பை மட்டும் பார்த்து முழுதாக எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். நீங்கள் ஒரு தடவைக்கு ஒரு பக்கம் எடுங்கள், ஒரு வாரம் ஆறப்போடுங்கள். இரண்டே நாளில் எடுத்தால் மூலம் மனப்பாடமாகவே நிற்கும், பயிற்சி வீண். ஒப்பிடும்போது உங்களுக்கே மார்க் போட்டுக்கொள்ளாமல், விலகிய இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். மூல ஆசிரியர் ‘வந்தான்’ என்று நிறுத்திய இடத்தில் நீங்கள் ‘வந்து சேர்ந்தான்’ என்று எழுதியிருப்பீர்கள். ஒரே மாதிரி விலகல் நாலைந்து பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்தால் அது உங்கள் கைப்பழக்கம். வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்று பிறகு யோசிக்கலாம். உங்கள் நடை என்று ஏதாவது இருந்தால் அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கும்.

திருட்டாகிவிடாதா என்று அடுத்த கடிதம் வரும், அதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேள்வியை எடுக்கலாம், அமைப்பை எடுக்கலாம், யார் கண்ணால் கதை சொல்வது என்பதை எடுக்கலாம். வாக்கியத்திலும் உவமையிலும் கைவைக்கக் கூடாது. கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, எழுதிய விதத்துக்கு உண்டு. நம் நாட்டில் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் வரை. புராணத்துக்கு யார் அனுமதியும் தேவையில்லை, வசவு மட்டும் வரும். ராமாயணப் பரிச்சயமுள்ளவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று புதுமைப்பித்தன் கதைக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்.

அடுத்த கதை அனுப்பும்போது, அது எந்தக் கதையிலிருந்து கிளம்பியது என்று தனித்தாளில் ஒரு வரி எழுதி இணையுங்கள். அதில் லா.ச.ரா. பேர் இருந்தால் ஒரு மாதம் கழித்து அனுப்பவும்.