வக்கீல் என்றாலே ஏன் இவ்வளவு சந்தேகம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வக்கீல்களைப் பற்றிய குறைகள்தான். நானும் இதே ஊரில் தொழில் நடத்தும் வக்கீல். குறை சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பல குறைகள் நியாயமானவை. எங்களுக்குக் கெட்ட பெயர் வருவது பாதி நாங்கள் செய்வதால், பாதி எதையும் விளக்கிச் சொல்லாமல் விடுவதால்.

"என் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டியவர். 'வக்கீலிடம் போனால் வீடு போகும்' என்பார். இப்போது படித்தவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஏன்?"

உங்கள் அப்பா வக்கீலை எங்கே சந்தித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். மெர்டேக்காவை, அதாவது சுதந்திரத்தை, ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பிறகு தாமான்களுக்கும் (வீடமைப்புப் பகுதிகளுக்கும்) தொழிற்பேட்டைகளுக்கும் நிலம் கைமாறியது. லயத்தை, தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வக்கீல் ஆபீஸ் தலைப்பு போட்ட தாளில் வரும். அதைப் படித்துச் சொல்லத் தோட்டத்து எழுத்தரான கிராணியைத்தான் தேட வேண்டும். ஆக, தோட்டத்து வீட்டுக்குள் முதலில் நுழைந்த வக்கீல் நிர்வாகத்தின் வக்கீல். அப்போது அமைச்சராக இருந்த நம் ஊர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே இந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். உங்கள் அப்பாவின் பயத்தை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

படித்தவர்களின் சந்தேகம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 2007 செப்டம்பரில் ஒரு காணொளி வெளியானது. நீதிபதிகள் நியமனம் பற்றி ஒரு வக்கீல் தொலைபேசியில் பேசுவது அதில் இருந்தது. அடுத்த வாரமே, செப்டம்பர் 26-ல், அப்போதைய வழக்கறிஞர் மன்றத் தலைவர் அம்பிகா சீனிவாசன் தலைமையில் சுமார் 2,000 வக்கீல்கள் புத்ராஜெயாவில் விசாரணை கேட்டு நடந்தார்கள். அரச விசாரணை ஆணையமும் அமைந்தது. ஆனால் காப்பிக்கடையில் இன்றும் பேசப்படுவது அந்தக் காணொளிதான். அந்த நடையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

"மருமகனுக்கு மோட்டார் விபத்தில் கால் முறிந்தது. வார்டுக்கே ஒருவர் வந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்து வாங்கினார். பல வருஷம் கழித்து ஒரு செக் வந்தது. இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுத்தது, வக்கீல் எவ்வளவு எடுத்தார் என்று இன்றுவரை தெரியாது. எல்லா வக்கீலும் இப்படித்தானா?"

அக்கா, வார்டுக்கு வந்தவர் வக்கீல் இல்லை. அவர் புரோக்கர். ரன்னர் என்றும் சொல்வார்கள். இந்த ஊரில் எங்கள் தொழிலின் பெயரை இவர்களைப் போல வேறு யாரும் கெடுத்ததில்லை.

அவர் எப்படி வருவார் என்று எனக்குத் தெரியும். கையில் ஒரு பை ஆரஞ்சு, வாயில் நல்ல தமிழ். செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பார். ஃபைலைத் திறந்தால் நாலைந்து தாள்கள், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்கள். வலியில் கிடக்கும் பையன் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவான். நகல் கொடுக்க மாட்டார். அந்தத் தாள்களில் ஒன்று வக்கீலை நியமிக்கும் அதிகாரக் கடிதம். இன்னொன்று பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதாக இருக்கலாம்.

புரோக்கருக்குக் காசு கொடுத்து கேஸ் பிடிப்பது வக்கீலுக்கு ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். "ஜெயித்தால்தான் பீஸ், வரும் தொகையில் இத்தனை விழுக்காடு" என்று ஒப்பந்தம் போடுவதையும் 1976-ஆம் ஆண்டுச் சட்டத் தொழில் சட்டம் தடுக்கிறது. ஆகவே புரோக்கர் சொல்லும் விழுக்காட்டுக் கணக்கு எதுவும் செல்லாது. அவரிடமிருந்து கேஸ் வாங்கும் வக்கீல் "எனக்குத் தெரியாது" என்று தப்பிக்கவும் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: அதிகாரக் கடிதத்தில் இருக்கும் வக்கீல் ஆபீசுக்கு மருமகனையே நேரில் போகச் சொல்லுங்கள். தீர்ப்பின் அல்லது சமரசக் கடிதத்தின் நகல், இன்சூரன்ஸ் கம்பெனி செலுத்திய தொகை, வக்கீல் பில், மீதிக் கணக்கு, இந்த நாலையும் எழுத்தில் கேட்க வேண்டும். கட்சிக்காரர் பணம் தனிக் கணக்கில்தான் இருக்க வேண்டும், அதற்குக் கணக்கு வைப்பது வக்கீலின் கடமை. நீங்கள் கேட்பது உரிமை, தயவு இல்லை.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். காயத்துக்கான வழக்கைத் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக 6 வருஷத்துக்குள் போடலாம். உயிர் போயிருந்தால் குடும்பத்தார் 3 வருஷத்துக்குள் போட வேண்டும். அரசாங்க வாகனம் என்றால் 36 மாதம். ஆக, வார்டில் கிடக்கும்போதே கையெழுத்துப் போட எந்த அவசரமும் இல்லை. வீட்டுக்கு வந்து, நாலு பேரிடம் கேட்டு, வக்கீலின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

"திருடன், கஞ்சா விற்பவன் என்று தெரிந்தே அவனுக்காக வாதாடுகிறீர்களே, மனசாட்சி இல்லையா?"

தெரிந்தே என்றால் யாருக்குத் தெரிந்து, தம்பி? போலீஸ் சொல்வது குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் போதுமா என்று பார்ப்பது நீதிமன்றம். வக்கீல் பொய்க் கதை கட்டி நீதிபதியை ஏமாற்ற முடியாது, 1978-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. அரசு தரப்பு ஆதாரத்தில் ஓட்டை இருந்தால் அதைக் காட்டுவதுதான் அவர் வேலை. கூட்டரசு அரசியலமைப்பின் 5(3) விதி கைதான எவருக்கும் தாம் விரும்பும் வக்கீலைக் கலந்து பேசும் உரிமையைத் தருகிறது. நல்லவருக்கு மட்டும் என்று அதில் இல்லை.

2009 ஜனவரியில் ஆ. குகன் என்ற 22 வயது இளைஞர் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டு, சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலிலேயே இறந்தார். அவர் குடும்பம் வக்கீல்களோடு சேர்ந்து சிவில் வழக்குப் போட்டது. 2013-ல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. "திருடனுக்கு எதற்கு வக்கீல்" என்று எல்லாரும் ஒதுங்கியிருந்தால் அந்தத் தாய்க்கு ஒரு பதிலும் கிடைத்திருக்காது. நம் பிள்ளைகள் லாக்கப்புக்குப் போகும் இந்த நாட்டில், இந்தக் கேள்வியை நாமே கேட்பது எனக்கு வருத்தம். வீட்டில் யாராவது பிடிபட்டால் முதல் நாளே தேசிய சட்ட உதவி அறவாரியத்தையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அழையுங்கள். அந்த மையங்களுக்காக ஒவ்வொரு வக்கீலும் வருஷம் 100 ரிங்கிட் கட்டுகிறார்.

"300,000 வெள்ளி வீடு வாங்கினோம். வக்கீல் பத்து நிமிஷம் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார். பில் பத்தாயிரத்தை எட்டியது. பகல் கொள்ளை இல்லையா?"

பில்லை வரிவரியாகப் பாருங்கள். 2023 முதல் நடப்பிலுள்ள கட்டண அளவுப்படி, விற்பனை ஒப்பந்தத்துக்கு முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு. உங்கள் வீட்டுக்கு அது 3,750 ரிங்கிட், அதன்மேல் சேவை வரி. பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி 5,000 ரிங்கிட் வருமான வரி வாரியத்துக்குப் போகிறது, வக்கீலுக்கு இல்லை. முதல் வீடு என்றால் அந்த வரியில் சலுகை உண்டா என்று கேட்டீர்களா? வங்கிக் கடன் பத்திரத்துக்குத் தனிக் கட்டணம். பத்து நிமிஷம் நீங்கள் பார்த்தது. கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், தடை இருக்கிறதா, பழைய வங்கிக் கடன் அடைந்ததா என்று நில அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அலைந்தது நீங்கள் பார்க்காதது. அதை உங்களிடம் சொல்லாதது வக்கீலின் தவறு.

"அப்பா உயில் எழுதாமல் இறந்தார். கிராண்ட் இன்னும் அவர் பெயரில். வக்கீல் பீஸ் கட்ட வசதியில்லை."

இதற்கு வக்கீலே வேண்டாம். நிலம், வீடு உட்பட மொத்தச் சொத்து 5 மில்லியன் ரிங்கிட்டுக்குள் இருந்தால், நில அலுவலகத்தின் பூசாக்கா (இறந்தவர் சொத்து) பிரிவில் நீங்களே மனுப் போடலாம். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 2 மில்லியனாக இருந்தது.

"கேஸ் தள்ளித் தள்ளிப் போகிறது. வக்கீல் போனையும் எடுப்பதில்லை."

வாய்தாவுக்கு நீதிமன்றம், போலீஸ், சாட்சி என்று காரணம் பல. போனை எடுக்காததற்குச் சாக்கு கிடையாது. முதலில் கடிதம் எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் வக்கீலை மாற்றலாம், பாக்கி பீசைத் தீர்த்துவிட்டு ஃபைலைக் கேட்டு வாங்கலாம். நடத்தை மோசம் என்றால் கோலாலம்பூரிலுள்ள வழக்கறிஞர்கள் ஒழுங்கு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பணத்தையே சுருட்டிவிட்டார் என்றால் போலீசில் புகார் செய்வதோடு, வழக்கறிஞர் மன்றத்தின் இழப்பீட்டு நிதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

"மகள் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். பொய் சொல்லிப் பிழைக்கும் தொழில் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள்."

படிக்க வையுங்கள். ஈப்போவில் ஒரு பூங்காவுக்கே டி. ஆர். சீனிவாசகம் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரும் அண்ணன் எஸ். பி. சீனிவாசகமும் ஏழைகளுக்காகக் கோர்ட்டில் நின்ற வக்கீல்கள். சொந்தக்காரர்களிடம் அதைச் சொல்லுங்கள். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் செலவு குறைவு. வெளிநாட்டுப் பட்டம் என்றால் பெரும்பாலும் சிஎல்பி என்னும் சட்டத் தொழில் தகுதித் தேர்வு எழுத வேண்டும், அது கடினம். பிறகு 9 மாதப் பயிற்சி. அதை ஈப்போவில் செய்யலாம். வார்டில் கையெழுத்துப் போட்ட பையனிடம் அவன் பாஷையில் விளக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் இன்னும் நிறைய வேண்டும்.