ஐந்து 'க'வும் ஒரு பிடி அல்வாவும்: சீக்கியர் வழக்கங்கள் பற்றிக் கேள்வி பதில்

பல வருடமாக லூதியானாவில் குடியிருக்கிறேன். நான் சீக்கியன் இல்லை. அக்கம்பக்கத்தில் பார்த்ததையும் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஐந்து 'க'வில் தலைப்பாகையும் சேர்த்தியா?

இல்லை. சீக்கியர் உடலில் தரிக்கும், 'க'வில் தொடங்கும் பெயருள்ள ஐந்து அடையாளங்களைத்தான் ஐந்து 'க' என்கிறோம். வெட்டாத முடி (கேஷ்), மரச்சீப்பு (கங்கா), இரும்பு வளையம் (கரா), தொடையை மூடும் உள்ளாடை (கச்செரா), குறுவாள் (கிர்பான்), இவைதான் ஐந்து. முடியை மூடிக் காப்பது தலைப்பாகை. பட்டியலில் இல்லையே என்று அதை லேசாக நினைத்துவிடாதீர்கள். எதிர்வீட்டில் தினமும் காலையில் அப்பா ஒரு முனை, மகன் ஒரு முனை பிடித்து, ஐந்தாறு மீட்டர் துணியை விறைப்பாக இழுத்து நீளவாக்கில் மடிப்பார்கள். இதற்குப் பூணி என்று பெயர். அப்புறம் பையன் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பிப்பான். அந்த நேரம் அவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

கேள்வி: என்னோடு வேலை பார்ப்பவர் முடி வெட்டியிருக்கிறார், கரா மட்டும் போட்டிருக்கிறார். அது சரியா சார்?

ஐந்தும் கட்டாயம் என்பது அமுதம் (தீட்சையில் தரும் இனிப்பு நீர்) ஏற்று, கால்சா என்கிற தீட்சை பெற்ற சீக்கியர் சமூகத்தில் சேர்ந்தவர்களுக்கு. 1699 வைசாகித் திருநாள் அன்று பஞ்சாபின் ஆனந்தபூர் சாகிபில் சீக்கியரின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் தொடங்கி வைத்தது இது. இரும்புப் பாத்திரத்துத் தண்ணீரில் பதாசா என்கிற சர்க்கரை மிட்டாயைப் போட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கி, குரு தலை கேட்டபோது கொடுக்க முன்வந்த ஐந்து பேருக்குக் கொடுத்தார். லாகூர், ஹஸ்தினாபூர், துவாரகை, பூரி, பீதர் என்று ஐவரும் ஐந்து ஊர்க்காரர்கள். சாதியும் வேறு வேறு. கொடுத்து முடித்ததும் அதே ஐவரிடம் தானும் கையேந்தி வாங்கிக் குடித்தார். குருவே சீடரானார்! எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

உங்கள் நண்பர் அமுதம் ஏற்காதவராக இருக்கலாம். முடியைப் பற்றி அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

கேள்வி: பெண்களுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. ஐந்தும் அப்படியே. பெயரில் சிங் வரும் இடத்தில் கௌர்.

கேள்வி: கத்தியோடு விமானத்தில் எப்படி விடுகிறார்கள்?

கிர்பான் வைத்திருப்பது சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று நம் அரசியல் சட்டம் 25-ஆவது பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. உள்நாட்டு விமானங்களில் அலகு 15.24 செ.மீ., மொத்த நீளம் 22.86 செ.மீ. தாண்டக் கூடாது. அவர்களுக்கு அது எளியவரைக் காக்கும் கடமையின் அடையாளம்.

கேள்வி: குருத்வாராவுக்குப் போகிறோம். எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவுங்கள். தலையை மூடக் கைக்குட்டை போதும். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் பையில்கூட வேண்டாம். உட்காரும்போது அங்கே வைத்திருக்கும் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபை நோக்கிக் கால் நீட்டாதீர்கள். பிரசாதம் சுடச்சுட வரும். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம எடையில் கிளறிய அல்வா. நம் பழக்கத்தில் வலது கையை மட்டும் நீட்டிவிடுவோம். அங்கே இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும்.

கேள்வி: பொற்கோயிலில் ராத்திரி ஒரு புத்தகத்தைப் பல்லக்கில் கொண்டுபோனார்களே, ஏன்?

அது குரு கிரந்த சாகிப். புத்தகம் என்று அங்கே சொல்லிவிடாதீர்கள். 1708-இல் நாந்தேட்டில், இனி கிரந்தமே குரு என்று குரு கோவிந்த் சிங் அறிவித்தார். அதனால் அதன் 1430 பக்கங்களையும் 'அங்', அதாவது அங்கம், என்றுதான் சொல்வார்கள். ராத்திரி பொற்கோயில் வளாகத்திலேயே இருக்கும் அகால் தக்த் என்கிற கட்டடத்தில் துயில். விடிவதற்கு முன்பே பல்லக்கு திரும்பி வரும். அந்தக் குளிரிலும் தோள் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். முடிந்தால் ஒருநாள் அந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள்.