தைராய்டு கேள்வி-பதில்: இரண்டு டாக்டர், இரண்டு டோஸ், எதைக் கேட்பது?

கேள்வி: என் டி.எஸ்.எச். 6.8. ஒரு டாக்டர் உடனே மாத்திரை தொடங்கச் சொல்கிறார். இன்னொருவர் மூன்று மாதம் பொறுக்கலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

வயது எழுதவில்லை. ஆணா பெண்ணா தெரியவில்லை. ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன், எவ்வளவு என்று இல்லை. டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்க மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். தைராய்டு மந்தமானால் அது ஏறும். வெறும் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் எப்படிப் பதில் சொல்வது? ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் மாத்திரை வேண்டும், அதில் விவாதமே இல்லை. அது சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் 10-க்குள் ஏறியிருந்தால், அந்த இடத்தில்தான் டாக்டர்கள் பிரிகிறார்கள். கர்ப்பத்துக்கு முயல்கிற 30 வயதுப் பெண் என்றால் நான் பெரும்பாலும் தொடங்கிவிடுவேன். தொல்லை எதுவும் இல்லாத 75 வயதுக்காரர் என்றால் தொடமாட்டேன். வயது ஏற ஏற டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது இயல்பு. 65 வயது தாண்டியவர்களை வைத்து நடந்த டிரஸ்ட் ஆய்வு 2017-ல் வெளியானது. இப்படி லேசாக ஏறியிருந்தவர்களில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் களைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. எப்படியிருந்தாலும் ஒரே டெஸ்டை வைத்து வாழ்நாள் மாத்திரையை முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால், மருந்தே இல்லாமல் இறங்கியிருப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: ஒரு நாள் மாத்திரை மறந்துவிட்டால்?

அன்றே நினைவு வந்தால் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கம்போல் ஒன்று போதும். ஒரு நாளில் எதுவும் கெட்டுவிடாது.

கேள்வி: காலையா, இரவா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரி. காலையில் என்றால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். காபியும் அப்புறம்தான். இரவில் என்றால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆன பிறகு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், ஆனாலும் இரண்டையும் ஒன்றாக விழுங்குகிறவர்கள் குறையவில்லை.

கேள்வி: நான்கு மாதத்தில் மூன்று டாக்டரைப் பார்த்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு டெஸ்ட். டோஸ் 50 மைக்ரோகிராமிலிருந்து 75, பிறகு 100, இப்போது மறுபடி 50. முதல் இருவர் எழுதியதை மூன்றாமவரிடம் காட்டவில்லை. யாரை நம்புவது?

இந்தக் கடிதம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. இது தவிர்த்திருக்கக்கூடிய அலைச்சல்.

இந்த மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின், அதாவது டி4 ஹார்மோன், நிதானமாக வேலை செய்யும் மருந்து. உடம்பில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டோஸை மாற்றினால் ரத்தத்தில் அதன் அளவு நிலைக்க ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சைத் திருத்திக்கொள்ளும். 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட் எடுங்கள் என்று சொல்வது இதனால்தான். மூன்றாம் வார ரிப்போர்ட்டில் பழைய டோஸின் மிச்சமும் புதிய டோஸின் தொடக்கமும் கலந்திருக்கும். அதைப் பார்த்து ஒருவர் போதவில்லை என்று 75-ஐ 100 ஆக்கினார். கொஞ்ச நாளில் அந்த 100 முழுதாக வேலை செய்ய, டி.எஸ்.எச். தரைக்கு வந்தது. அடுத்தவர் அதிகம் என்று பாதியாக்கினார். ஒருவரை ஒருவர் மறுத்ததாக உங்களுக்குத் தோன்றுகிறது. அவர்கள் பார்த்ததே வேறு வேறு எண்கள்.

பழைய சீட்டை மறைத்தால் புது டாக்டர் பாரபட்சம் இல்லாமல் பார்ப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டோஸ் எந்தத் தேதியில் மாறியது என்று தெரியாத டாக்டருக்கு டி.எஸ்.எச். எண்ணால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று: டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் கூடி, பிற்பகலில் இறங்கும். ஒரு தடவை காலை எட்டு மணிக்கு, அடுத்த தடவை மாலை நான்கு மணிக்கு வேறொரு லேபில் எடுத்துவிட்டு ஒப்பிடாதீர்கள்.

இப்படி ஏற்றி இறக்குவதில் ஆபத்தும் உண்டு. டோஸ் அதிகமாகவே நீடித்தால் வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே டாக்டர், ஒரே லேப், ஒரே நேரம். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். ஒரு தாளில் தேதி, டோஸ், கம்பெனி, டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இவற்றை எழுதி வாருங்கள். கம்பெனி மாறினாலும் 6 வாரம் கழித்து ஒரு டெஸ்ட். படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போங்கள்.

கேள்வி: நன்றாக இருந்த டி.எஸ்.எச். திடீரென 0.05 என்று வந்தது. டோஸைக் குறைத்தார்கள். எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. முடி உதிர்வுக்கு வைட்டமின் மட்டும்தான் புதிதாகச் சாப்பிடுகிறேன்.

அந்த 'மட்டும்தான்' தான் விஷயம். முடிக்கான மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வைட்டமின் அதிகம். பல லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் காட்டும். உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது. டாக்டரிடம் சொல்லி, பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள்.

கேள்வி: ஆன்டி டி.பி.ஓ. 600-லிருந்து 400 ஆனது. ஒரு டாக்டர் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்கிறார், இன்னொருவர் தேவையில்லை என்கிறார்.

தேவையில்லை. ஆன்டி டி.பி.ஓ. என்பது தைராய்டுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள். ஹஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய், என்று ஒரு தடவை தெரிந்தால் போதும். அந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் டோஸ் மாறாது.

கேள்வி: மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். நேற்று கர்ப்பம் உறுதியானது. டெஸ்ட் வந்த பிறகு டோஸைப் பார்க்கலாம் என்கிறார் ஒருவர், உடனே கூட்டு என்கிறார் இன்னொருவர்.

உடனே கூட்டச் சொன்னவர் பக்கம் நான். முதல் மாதங்களில் குழந்தை தாயின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. வழக்கமாகச் செய்வது, வாரத்துக்கு 7 மாத்திரை என்பதை 9 ஆக்குவது. இன்றே உங்கள் டாக்டரிடம் பேசி ஆரம்பியுங்கள், டெஸ்டும் எடுங்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் நான்கு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

கேள்வி: டி.எஸ்.எச். 2 தான். ஆனாலும் களைப்பு போகவில்லை. டி3 மாத்திரை கேட்கலாமா?

உங்கள் களைப்பு நிஜம். எண் சரியாக இருக்கிறது என்று சொல்லி உங்களை அனுப்பிவிடுவது தவறு. ஆனால் டி3-க்குப் போவதற்கு முன் ரத்தசோகை, பி12, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு இவற்றைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். நீங்கள் சாப்பிடும் டி4-ஐத் தேவைக்கேற்ப டி3 ஆக, அதாவது நேரடியாக வேலை செய்யும் ஹார்மோனாக, உடம்பே மாற்றிக்கொள்ளும். எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால், இரண்டையும் சேர்த்துச் சில மாதம் முயன்று பார்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்காணிப்பில் மட்டும். கர்ப்பத்திலும் இதய நோயிலும் கூடாது.

கேள்வி: நார்மல் ஆகிவிட்டதே, நிறுத்திவிடலாமா?

மாத்திரையால்தான் நார்மல் ஆனது. ஆரம்பத்தில் டி.எஸ்.எச். 10-க்குள் இருந்து, இரண்டாவது டெஸ்ட் எடுக்காமலே தொடங்கியிருந்தாலோ, பிரசவத்துக்குப் பின் வந்த தைராய்டு அழற்சியாக இருந்தாலோ, டாக்டர் மேற்பார்வையில் குறைத்துப் பார்க்கலாம். அதற்கு உங்கள் முதல் ரிப்போர்ட் வேண்டும், தேடி எடுத்துப் போங்கள்.