முதலில் எடை, அப்புறம் ஆபரேஷன்: உதட்டுப் பிளவு கேள்வி-பதில்

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. மகனுக்கு 40 நாள். உதட்டிலும் அண்ணத்திலும் பிளவு. பால் மூக்கு வழியாக வருகிறது. உதட்டை உடனே தைத்துவிட முடியாதா?

உங்கள் தவிப்பு புரிகிறது அம்மா. ஆனால் மூக்கில் பால் வருவது அண்ணத்துப் பிளவால். உதட்டைத் தைத்தாலும் அது நிற்காது. அண்ணத்துக்கான ஆபரேஷன் பெரும்பாலும் 9 மாதத்துக்கு மேல்தான். உதட்டுக்கு மூன்று பத்து பார்ப்போம்: வயது 10 வாரம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம், எடை 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரைக் கிலோ. வயது தானாக ஏறிவிடும். எடையை நீங்கள்தான் ஏற்ற வேண்டும்.

தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில், அதாவது சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுங்கள். படுக்கவைத்துக் கொடுக்கவே கூடாது. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையின் மூக்கைக் கன்னத்து ஓரமாக வைத்து, கொஞ்சம் விட்டு, விழுங்கியதைப் பார்த்து, அடுத்ததை விடுங்கள். காற்று நிறைய உள்ளே போகும் என்பதால் நடுநடுவே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால், குடித்த பாலின் சத்து குடிக்கிற உழைப்பிலேயே தீர்ந்துவிடும். மூக்கில் கொஞ்சம் வழிந்தால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். புரையேறி முகம் நீலம் பாய்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வாரம் ஒரு முறை, ஒரே தராசில் எடை பாருங்கள். 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்லது. ஏறவில்லையென்றால் ஆபரேஷன் தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சேலம் அம்மாபேட்டை. தறி ஓட்டுகிறேன். சளி என்று ஆபரேஷன் செய்யாமல் பாப்பாவை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இழுத்தடிக்கிறார்களா?

இல்லை ஐயா. சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழாய் புண்பட்டிருக்கும். மயக்க மருந்து கொடுக்கும்போது அது திடீரென்று இறுகி, உடம்புக்குப் பிராணவாயு குறைந்துவிடும். ஆகவே சளி விட்ட பிறகும் சில வாரம் பொறுப்போம். தள்ளிப்போடச் சொன்ன டாக்டர் உங்கள் குழந்தைக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் சளி விடாத பேத்தியை ஒரு பாட்டி தூக்கிவந்தார். கேட்டுப் பார்த்தால், தினமும் குளிப்பாட்டியதும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய், பிறகு சாம்பிராணிப் புகை. அண்ணம் பிளந்திருக்கும் குழந்தைக்கு அந்த எண்ணெய் நுரையீரல்வரை இறங்கலாம். இரண்டையும் நிறுத்துங்கள். தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்ட தேதியை டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும்.

ஏற்காடு மலையில் நாகலூர். ஆபரேஷன் அன்று காலையில் கிளம்பி வந்தால் போதுமா? பசியில் அழுவானே?

முந்தின நாளே சேலத்துக்கு இறங்கிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு சுற்றிவந்து குழந்தை வாந்தி எடுத்தாலோ, பனிமூட்டத்தில் பஸ் தாமதமானாலோ எல்லாக் கணக்கும் தப்பிப்போகும். மயக்கத்துக்கு 4 மணி நேரம் முன்பே தாய்ப்பாலை நிறுத்த வேண்டும். பால் பவுடர், பசும்பால் என்றால் 6 மணி நேரம். தண்ணீர் எதுவரை என்று மயக்க டாக்டர் சொல்வார். கடைசிப் பாலுக்கு அலாரம் வைத்து எழுப்பிக் கொடுங்கள். அழுகிறானே என்று யாராவது ஒரு வாய் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வயிற்றில் பால் இருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். மை, கொலுசு, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார்.

இல்லவே இல்லை. கரு உண்டான முதல் மூன்று மாதத்துக்குள், முகத்தின் பகுதிகள் ஒன்றுசேரும்போது நேர்கிற குறை இது. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் மீது எந்தத் தப்பும் இல்லை அம்மா. அடுத்த முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். டாக்டர் சொல்வதை அவரே நேரில் கேட்கட்டும்.

செலவு?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துப் போங்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் எப்படி இருப்பாள்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

உதடு வீங்கியிருக்கும், தையல் தெரியும், மூக்கோரம் கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கும். கை வாய்க்குப் போகாமலிருக்க முழங்கையில் கட்டுப் போடுவார்கள். ஒரு வாரம் முன்பே தினம் கொஞ்ச நேரம் துணி சுற்றிப் பழக்கினால் அன்றைக்கு அவ்வளவு மிரளமாட்டாள். தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்து, பிறகு மெல்ல மங்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். சில தாய்மார்களுக்கு, அந்த அகலமான பழைய சிரிப்பு இனி இல்லையே என்று அழுகை வரும். அது தப்பில்லை, பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் அவள் சிரிக்கும்போது நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.