கருணை காட்டியிருந்தால் தப்பித்திருப்பார்!

கேள்வி: சிகாகோ ஹேமார்க்கெட் குண்டுவெடிப்பு வழக்கில் சிறையில் இருந்த மூவரை விடுவித்த இல்லினாய்ஸ் கவர்னர் ஆல்ட்கெல்ட், ஜெர்மனியில் பிறந்தவராமே? தன் நாட்டுக்காரர்களுக்குச் செய்த சலுகைதானே அது?
- வாசகர், காரைக்குடி

பதில்: அன்றைக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் அவர்மேல் வீசிய சேற்றையே நீங்களும் எடுத்து வீசுகிறீர்கள். ஆல்ட்கெல்ட் 1847-ல் ஜெர்மனியில் பிறந்தார் என்பது சரி. ஆனால் கைக்குழந்தையாகவே ஒஹாயோவுக்கு வந்துவிட்டார். பதினாறு வயதில் உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்தார். விடுவிக்கப்பட்ட மூவரில் ஃபீல்டன் இங்கிலாந்துக்காரர், நீபே நியூயார்க்கில் பிறந்தவர். ஷ்வாப் ஒருவர்தான் ஜெர்மனியில் பிறந்தவர். இதில் சலுகை எங்கே வந்தது?

1886 மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில், தொழிலாளர் கூட்டத்தைக் கலைக்க வந்த போலீசார் மேல் குண்டை வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டு நவம்பரில் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒருவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மிச்சம் இந்த மூவர்.

1893-ல் கவர்னரான ஆல்ட்கெல்டுக்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. 'போதும், தண்டனை அனுபவித்துவிட்டார்கள்' என்று கருணையோடு கையெழுத்துப் போட்டிருக்கலாம். சிகாகோவின் பெரிய மனிதர்கள் பலர் கேட்டதும் அதைத்தான். அப்படிச் செய்திருந்தால் பெரிதாக யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். அவரோ வழக்குக் கட்டுகளைத் தாமே படித்தார். ஜூரிக்கு ஆள் பொறுக்கியதே மோசடி, நீதிபதி ஒருதலையாக நடந்துகொண்டார், குண்டு வீசியவனோடு இவர்களுக்குத் தொடர்பு உண்டு என்பதற்குச் சாட்சியமே இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதி, ஜூன் 26 அன்று விடுதலை செய்தார். அந்தப் பெரிய மனிதர்கள் அவரை மன்னிக்கவில்லை. கருணையை விடுங்கள், தீர்ப்பே தப்பு என்று ஒரு கவர்னர் சொல்லிவிட்டாரே!

அடுத்த ஆண்டு, ரயில் பெட்டிகள் தயாரித்த புல்மேன் கம்பெனித் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம். கவர்னர் கேட்காமலே ஜனாதிபதி க்ளீவ்லாண்ட் சிகாகோவுக்கு ராணுவத்தை அனுப்பினார். இருவரும் ஒரே கட்சி. இருந்தும் ஆல்ட்கெல்ட் பகிரங்கமாக எதிர்த்தார். 1896 தேர்தலில் தோற்றார். சம்பாதித்த சொத்தும் பெரும்பாலும் போய்விட்டது.

சலுகை காட்டிப் பிழைக்கிற ஆள் இப்படியா நடந்துகொள்வார்? 1902-ல் ஜோலியட் நகரில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த போயர் மக்களுக்காகப் பேசிவிட்டு வந்தவர் மயங்கி விழுந்து, மறுநாள் இறந்தார். அந்த மூவரும் அடைபட்டுக் கிடந்த சிறை அதே ஊரில்தான் இருந்தது.