கேப் டவுனில் பள்ளி விட்ட பிறகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கயேலிட்ஷா, தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு 1983இல் கறுப்பின மக்களைக் குடியமர்த்த கேப் டவுன் ஓரத்தில் உண்டாக்கிய பகுதி. அங்கே, பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் வரும் மையம் ஒன்றில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறேன்.

கோவை, கல்லூரி மாணவர்: அக்கா, டிசம்பர் கடைசியில் ரெண்டு வாரம் லீவு. வந்து பாடம் எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. டிசம்பர் நடுவில் மூடும் பள்ளிகள் ஜனவரி நடுவில்தான் திறக்கும். பிள்ளைகளே இருக்க மாட்டார்கள். மற்ற மாதமானாலும் ரெண்டு வாரம் போதாது. பிள்ளை உங்களிடம் ஒட்டத் தொடங்கும்போது நீங்கள் விமானம் ஏறுவீர்கள். குறைந்தது ஒரு பருவம் முழுக்க இருக்க முடிந்தால் எழுதுங்கள்.

சென்னை, ஓய்வு பெற்ற ஆசிரியை: மதியத்துக்கு மேல் என்னதான் வேலை இருக்கும்?

ரெண்டு மணிக்கு மேல் வரத் தொடங்குவார்கள் அம்மா. முதலில் ரொட்டி, சூப். பிறகு வீட்டுப்பாடம், வாசிப்பு, கடைசியில் விளையாட்டு. இருட்டும் முன் வீடு சேர்ந்தாக வேண்டும்.

வீட்டுப்பாடத்தில் நான் அடிக்கடி பார்ப்பது: பலகையில் இருந்ததை அச்சடித்த மாதிரி நோட்டில் எழுதி வந்திருப்பாள் ஒரு நாலாம் வகுப்புப் பெண். '24 ஆப்பிளை 6 பேருக்குச் சமமாகப் பிரி' என்று ஆங்கிலத்தில் இருக்கும் கணக்கு. வாசிக்கச் சொன்னால் வாய் திறக்க மாட்டாள். எங்கள் ஊழியர் அதையே அவளது தாய்மொழியான கோசாவில் கேட்டால் உடனே 'நாலு' என்பாள். கணக்கு வருகிறது, கேள்விதான் புரியவில்லை. உங்கள் அனுபவத்துக்கு அந்த ஊழியருக்குப் பயிற்சி கொடுங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அவர் அங்கேயே இருப்பார்.

திருச்சி: டூரிஸ்ட் விசாவில் வரலாமா?

கூடாது. தென்னாப்பிரிக்கக் குடிவரவுச் சட்டத்தில், பார்வையாளர் விசாவின் கீழ் தன்னார்வப் பணிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அழைக்கும் அமைப்பின் கடிதம், போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் இரண்டும் வேண்டும். இது தவிர, 2005ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களைக் குறித்துவைக்கும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று சரிபார்த்தாக வேண்டும். இதைக் கேட்காமலே 'உடனே வாங்க' என்கிற அமைப்பை நம்பாதீர்கள். பணம் கட்டினால் யாரையும் உள்ளே விடும் இடத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை.

சிங்கப்பூர்: சோறு போடுவது ஆங்கிலம்தானே? கோசாவில் வாசிக்க வைத்துப் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்கிறீர்களே?

இல்லை. அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழி. 2025க்கு முன்பு வரை, நாலாம் வகுப்பில் மொழிப்பாடம் தவிர எல்லாப் பாடமும் திடீரென்று ஆங்கிலமாகிவிடும். 2021 பிர்ல்ஸ் என்னும் சர்வதேச வாசிப்புத் தேர்வில் தென்னாப்பிரிக்க நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க வரவில்லை.

அவரே மீண்டும்: தாய்மொழியில் படித்துத்தானே இந்தக் கதி?

நியாயமான கேள்வி. தாய்மொழி காரணம் இல்லை. வகுப்பில் கூட்டம், வீட்டில் கதைப்புத்தகம் இல்லை, ஆப்பிரிக்க மொழிகளில் அச்சாகும் சிறுவர் நூல்களே குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2012இல் நலிபாலி வாசிப்பு இயக்கம் தொடங்கியது. அரசும் 2025 முதல் நாலாம் வகுப்பில் தாய்மொழியையும் சேர்த்து இருமொழியாகக் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பேச்சு ஆங்கிலம் பழக உங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. எழுத்துக்கூட்டிப் பொருளோடு படிக்க, கோசா தெரிந்த உள்ளூர் இளைஞர்தான் கற்றுத்தர முடியும்.

மதுரை: நம்ம ஊரிலும் இதே கதைதான். தமிழ்வழிப் பள்ளிகளை...

ஐயா, அதைத் தனியாகப் பேசுவோம். இங்கே தொடங்கினால் மற்றவர் கேள்வி எல்லாம் அடிபட்டுப் போகும்.

சேலம்: விசா என்ன எடுக்கணும்?

திருச்சிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பெங்களூரு: அநாதை இல்லத்தில் தங்கிச் சேவை செய்ய ஆசை.

தயவுசெய்து போகாதீர்கள். உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டார் வரவும் நன்கொடையும் கூடும் இடங்களில், ஏழை வீட்டுப் பிள்ளையைப் பிரித்து இல்லத்தில் சேர்ப்பதே தொழிலாகிவிடுகிறது. பள்ளி விட்ட பின் நடக்கும் மையத்தில் பிள்ளை மாலையில் தன் வீட்டுக்கே போகிறது. நான் இதிலேயே இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஈரோடு: பிள்ளைகளோடு படம் எடுத்து இன்ஸ்டாவில் போடலாமா?

கூடாது.

நெல்லை: டிசம்பரில் பத்து நாள்...

கோவைத் தம்பிக்குச் சொன்னதுதான்.

தஞ்சாவூர்: கிளம்புமுன் கோசா எவ்வளவு கற்க வேண்டும், அக்கா?

வணக்கம் சொல்லும் அளவாவது. ஒருவருக்கு 'மொலோ', பலருக்கு 'மொல்வேனி'. பிறகு பத்து வரை எண்கள், 'உட்கார்', 'படி', 'நன்றாகச் செய்தாய்'. நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் ஒலிகளுக்குப் பயப்படாதீர்கள். பிள்ளைகளே விடாமல் திருத்துவார்கள். வாய் பேசாத பிள்ளைகூட அப்போது பேசும்.